பந்தல்குடிக்கு ஏழு மைல்

பந்தல்குடி
11.9.1966

அன்பும் மரியாதையும் உள்ள டீச்சரம்மாவுக்கு,

பொன்னுத்தாய் எழுதுவது. நீங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

இங்கே வந்து இன்றோடு பதினேழு நாள். தூத்துக்குடி ரோட்டு மேலேயே கடை, கடைக்குப் பின்னால் வீடு. டீயும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. உப்பு லோடு ஏற்றிவரும் லாரிக்காரர்கள்தான் சாப்பிட வருகிறார்கள். விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். வேலைக்கு நான் பயந்தவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் அதிகம் பேசுவதில்லை. கை நீட்டுவதும் இல்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டில் பெரியவள் முருகேஸ்வரிக்கு ஏழு வயது. தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னைப் பார்க்கிறாள். சின்னவன் பால்பாண்டிக்கு இரண்டு வயது. பெற்றவள் முகம் அவனுக்கு நினைவில்லை போல. வந்த அன்றே என் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்த இடம் என் மகள் அழகு உட்கார்ந்த இடம். அவனை இறக்கிவிடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் மறுபடியும் ஒருமுறை சொன்னார். "ஒனக்குப் பிள்ளை இருக்கிறது எனக்குத் தெரியும். அந்தச் சேதி என்னோட இருக்கட்டும். எங்காத்தாவுக்குத் தெரிஞ்சா ஒன்னையும் சேத்து வெளிய தள்ளிரும். பாக்கப் போறேன்னு கெளம்பிராத." சரி என்றேன். அதற்குச் சம்மதித்துத்தானே கழுத்தை நீட்டினேன். கடிதம் எழுதுவதை மட்டும் தடுக்கவில்லை. நீங்கள் என் பழைய வாத்தியாரம்மா என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொன்னபடி பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அழகு என்னைத் தேடினாளா? நான்கு வயதாகப் போகிற பிள்ளைக்கு எத்தனை நாளில் மறக்கும்?

மூன்று வருடத்துக்கு முன் எட்டு மாதப் பிள்ளையோடு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிடந்தேன். கூடப்பிறந்த அண்ணன்மாரே திருச்சுழிப் பக்கம் தலைகாட்டாதே என்று விரட்டிவிட்டார்கள். "எந்திரி, முதல்ல கஞ்சி குடி" என்று கூட்டிப் போனவர் நீங்கள். என்ன சாதி, பிள்ளைக்கு அப்பன் யார் என்று உங்கள் சபையில் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கல்யாணத்துக்குப் போ என்று நீங்கள் சொன்னபோது நான் தட்டவில்லை.

அழகுக்குத் தலை வாரும்போது சிக்கை இழுக்காமல் பிடித்துக்கொண்டு வாரச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை,
பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
அருப்புக்கோட்டை
2.10.1966

கர்த்தருக்குள் அன்பான பொன்னுத்தாய்க்கு,

கடிதம் வந்தது. பிழை பன்னிரண்டு. சிரிக்கவில்லை. இரண்டு முறை வாசித்தேன்.

அழகு தேடினாள். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நான்கு நாள் வாசற்படியைவிட்டு எழவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்தாம் நாள் தானாக எழுந்து மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போன மறுநாளே காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். பிள்ளை பிறந்து இருபது நாள். உன் பாயை அவளுக்குக் கொடுத்தாயிற்று. நான்கு அறையில் இப்போது பதினோரு தாய்மார், பதினேழு பிள்ளைகள். கிணறு வற்றிவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவில் பாதி வண்டு. நெசவாளர் வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துத்தான் பெண்கள் எண்ணெய், புளி வாங்குகிறார்கள். சபையார் வீடுகளில் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடியரிசி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்கிறது. முன்பு பானை நிறையும். இப்போது அடியில் கிடக்கிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக மழை இல்லை, மானம் பார்த்த பூமியில் யார் வீட்டில்தான் என்ன இருக்கிறது?

போன கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்தார். "இப்படிச் சேத்துக்கிட்டே போனா தப்புப் பண்றவளுக்கெல்லாம் நம்ம சபைதான் தொட்டில் கட்டணும்" என்றார். பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "தொட்டில் கட்டியாச்சுங்க. இனி பிள்ளைகளத் தூக்கி எங்க போட?" ஜெபம் பண்ணிவிட்டுக் கலைந்தோம்.

ஒரு வருடமாவது நீ வராதே. வந்தால் அவளுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த இரண்டு பிள்ளைகளும் தாயில்லாதவை. அவற்றின் மேல் உன் கோபத்தைக் காட்டாதே.

அன்புடன்,
அன்னபாக்கியம்


பந்தல்குடி
20.12.1967

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

உங்களுக்கும் இல்லத்தில் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு லாரி டிரைவர் கையில் அழகுக்குக் கவுன் துணியும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கவுனை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. முருகேஸ்வரி இந்த வயதில் எப்படி இருந்திருப்பாள் என்று குத்துமதிப்பாக நினைத்து எடுத்தேன்.

நீங்கள் சொன்ன ஒரு வருடம் ஆகஸ்டோடு முடிந்தது. கிளம்புகிறேன் என்றேன். அவர் பால் வாங்கப் போய்விட்டார். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ரோட்டில் போகிற கண்டக்டர் எல்லாரும் எங்கள் கடையில் டீ குடிக்கிறவர்கள். நான் பஸ் ஏறினால் நான் இறங்குமுன் சேதி வீட்டுக்கு வந்துவிடும். அருப்புக்கோட்டை என்று போர்டு போட்ட பஸ் ஒவ்வொன்றும் கடை வாசலில்தான் நிற்கிறது. ஏழு மைல். ரங்கூனுக்குப் போனவள் மாதிரி இருக்கிறேன்.

பால்பாண்டி என்னை அம்மா என்கிறான். முருகேஸ்வரி சித்தி என்கிறாள், அதுவும் வேலை இருந்தால்தான். பள்ளிக்கூடத்தில் கெட்டி. உங்கள் கடிதம் வந்தால் கவரை வாங்கிப் பார்த்து, "ஒங்க வாத்தியாரம்மா எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கு சித்தி" என்கிறாள்.

நீங்கள் எழுதுவது இந்த வருடம் குறைந்துவிட்டது. போன கடிதத்தில் அழகைப் பற்றி இரண்டே வரி. கிணற்றைப் பற்றி ஒரு பக்கம். கிணற்றைக் கேட்டு நான் என்ன செய்ய, டீச்சரம்மா? ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
7.7.1968

அன்பான பொன்னுத்தாய்க்கு,

நீ கேட்டது நியாயம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொல்லி முடியாது. இந்த மாதம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்து அவளைத் தெருவில் விட்டுவிட்டான். இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "கோயில் வராந்தாவுல படுத்துக்கிறேம்மா, பிள்ளைக்கு மட்டும் எடம் குடுங்க" என்றாள். வராந்தாவில் தட்டி கட்டியிருக்கிறோம். ராத்திரி படுத்தால் காலையில் எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. ஆண்டவர் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

போட்டோ இத்துடன் இருக்கிறது. ஆராதனை முடிந்து எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்தது. இரண்டாம் வரிசையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்பவள்தான். வெயில். ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மண்புழுதியில் ஓடினால் மூச்சு இரைக்கிறது. மற்றபடி சுகம்.

ஒன்று சொல்ல வேண்டும். சில மாதமாக அவள் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் தாயைக் கூப்பிடுவதைப் பார்த்துத் தானும் ஒருத்தியைத் தேடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் திருத்தவில்லை. உனக்குத் தெரியாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது சரியில்லை என்று எழுதுகிறேன்.

அன்னபாக்கியம்


பந்தல்குடி
21.7.1968

டீச்சரம்மாவுக்கு,

போட்டோ வந்தது. என் அம்மாவின் நெற்றி அவளுக்கு வந்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

திருத்துங்கள் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கூப்பிடட்டும். கூப்பிட ஆள் இல்லாமல் இருப்பதற்கு இது தேவலை.

ஆனால் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அவளிடம் எப்போதாவது சொல்லுங்கள்.

பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
16.1.1972

அன்பான பொன்னுத்தாய்க்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய துணி வந்தது. அளவு சரியாக இருக்கிறது. ஆறாவது வருடத்தில்தான் உன் குத்துமதிப்பு பலித்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை நிதானமாக வாசி. எங்கள் சபையில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அழகைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போகிறார்கள். அவளைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். நல்ல மனிதர்கள். வீடு இருக்கிறது. படிக்கவைப்பார்கள். தாய் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இடது முழங்கால் மடங்குவதில்லை. தாய் கூட இல்லாத பிள்ளைகளை எத்தனை வருடம் வைத்திருப்பது என்று கமிட்டியில் கேட்கிறார்கள். அழகுத்தாய்க்கு ஒன்பது வயது முடிகிறது. அடுத்த வருடம் எங்கோ ஒரு போர்டிங்கில் கொண்டுபோய் விடுவதைவிட ஒரு வீட்டுக்குப் போவது அவளுக்கு நல்லது. இதைச் சொல்ல எனக்கு எளிதாக இருக்கிறது என்று நினைக்காதே.

உன் மாமியார் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உன் புருஷன் வீரபத்திரன் மனது மாறியிருக்குமானால் அதையும் எழுது.

அன்னபாக்கியம்


பந்தல்குடி
30.1.1972

டீச்சரம்மாவுக்கு,

அவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "முருகேஸ்வரிக்குப் பதிமூணு வயசாகுது. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது சித்தி எப்பேர்ப்பட்டவள்னு பேச்சு வரும். அவ கல்யாணம் முடியட்டும்." அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. என்னைத் திட்டாதீர்கள்.

இவ்வளவு நாள் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் உங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை நடந்த அன்று நான் வந்தேன். கடைக்குக் கண்ணாடி கிளாஸ் வாங்க அவரே அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார். கோயில் காம்பவுண்டுக்குள் காணிக்கையாக வந்த பூசணிக்காயும் கோழியும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு நின்றேன். அழகு உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டாள். நீங்கள் குனிந்து சொன்னீர்கள். சிரித்தாள். என் பக்கமும் பார்த்தாள், கூட்டத்தில் ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. நான் கிளாஸை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அவளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பக்கத்தில் பார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது வழி செய்யுங்கள்.

பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
12.3.1972

பொன்னுத்தாய்க்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். ஆறு வாரம் பொறுத்தும் கடுமை போகவில்லை. பிள்ளையை எடுக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்கிறாய். நீ துணி அனுப்புகிறாய். இருமலுக்கு நெஞ்சு தேய்ப்பது நான். அவள் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்குச் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு இடம் வருகிறது. அதில் நீ கல்லைப் போடுகிறாய்.

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. அப்படியே வாசி.

ஏப்ரல் 22, சனிக்கிழமை தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கான கூடுகை. சபையார் ஒருவர் வேன் தருகிறார். பதினான்கு பிள்ளைகளோடு போகிறேன். காலை எட்டு மணிக்குப் பந்தல்குடியில் டீ குடிக்க நிறுத்தச் சொல்கிறேன். உன் கடையில்தான். அரைமணி நேரம். நீ யார் என்று சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. அதற்குப் பிறகு ஒரு முடிவு எழுது. அந்த வாத்தியார் வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்னபாக்கியம்


பந்தல்குடி
4.5.1972

டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் வந்துபோய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது நான் வடைத் தட்டோடு நின்றேன்.  அழகு கண்ணைத் திறந்து, "அக்கா, தண்ணி" என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஒங்க கடைத் தண்ணி நல்லாருக்கு, எங்க கெணறு உப்பு" என்றாள். என் மகள் என்னோடு பேசியது அவ்வளவுதான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வடை வை" என்றார்.

வேன் போன பிறகு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தி, அதுதான அழகுத்தாய்?"

 "எந்த அழகுத்தாய்?" என்றேன்.

"வாத்தியாரம்மா லெட்டரு பூராவும் நான் வாசிச்சிருக்கேன். ரெண்டு வருசமா. நீங்க அடுப்படியில இருக்கும்போது."

அவள் அதோடு விடவில்லை. நேரே அவரிடம் போனாள். கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டாள். "எங்களுக்குச் சோறு பொங்க இவுக வேணும். இவுக பெத்த பிள்ளை மட்டும் ஊரான் வீட்டுச் சோறு திங்கணுமாப்பா? எனக்கு மாப்பிள்ளை வராட்டிப் போகுது. என்னச் சொல்லித் தட்டிக்கழிக்காதீக."

அவர் கழுவின கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.  மூன்றாம் நாள் என்னிடம், "ஒன் தங்கச்சி மகள்னு சொல்லிக் கூட்டியாந்திருவமா?" என்று கேட்டார். நான் இந்த ஆறு வருடத்தில் அவரை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசியதில்லை. அன்றைக்குச் சொன்னேன்: "வேணாங்க. எம் மகள்னு சொல்லிக் கூட்டியாரதா இருந்தா கூட்டியாருவோம். இல்லாட்டி அங்கயே இருக்கட்டும்." பாலை அடுப்பிலிருந்து இறக்கினார். "சரி. கேக்கிறவன் கேக்கட்டும். லாரிக்காரனுக்கு டீதான வேணும், என் வீட்டுச் சங்கதி எதுக்கு?" என்றார்.

வாத்தியார் வீட்டாரிடம் என் பேரில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். என்றைக்கு வரலாம் என்று எழுதுங்கள்.

நீங்கள் கடுமையாக எழுதியதற்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருடமாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று எனக்குச் சொன்னது நீங்கள். இப்போது பிள்ளையை எடுக்கவில்லை என்று ஏசுவதும் நீங்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
14.5.1972

அன்பான பொன்னுத்தாய்க்கு,

கேட்டுவிட்டாய். நல்லது.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கமிட்டி முடிவு செய்தது: ஒருத்தி போகாமல் இன்னொருத்தியைச் சேர்க்கக் கூடாது. காரியாபட்டிக்காரி அப்போது ஆஸ்பத்திரி வாசலில் கைப்பிள்ளையோடு கிடந்தாள். நர்ஸ் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டாள். நான் பதினோரு பெயரையும் மனதில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாரிலும் நீதான் திடமாக இருந்தாய். அந்தச் சமயத்தில்தான் வீரபத்திரன் வீட்டுப் பேச்சு வந்தது. பிள்ளை வரக் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டவுடன் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கர்த்தர் உனக்கு வாசல் திறந்திருக்கிறார் என்று சொன்னேன். கர்த்தர் திறக்கவில்லை, பொன்னுத்தாய். அந்த வாசலைத் திறந்தவள் நான். ஒரு பாய் காலியாக வேண்டும் என்று திறந்தேன். நான் களைத்துப் போயிருந்தேன். களைப்பில் செய்ததைத் தேவசித்தம் என்று சொல்லிவிட்டேன்.

காரியாபட்டிக்காரியின் மகன் இப்போது நன்றாகப் படிக்கிறான். அவனைப் பார்க்கும்போது செய்தது சரி என்று தோன்றும். அழகைப் பார்க்கும்போது தோன்றாது. இரண்டு பேரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். உடனே பதில் வேண்டியதில்லை.

மே 29, திங்கட்கிழமை வா. பள்ளிக்கூடம் திறக்குமுன் அவள் அங்கே பழக வேண்டும். அழகிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அந்த டீக்கடை அக்காவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவுக ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள்.  வாத்தியார் மனைவி அழுதார். பிறகு அவரே ஒரு புது சிலேட்டு வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அன்னபாக்கியம்


பந்தல்குடி
6.8.1972

அன்பும் மரியாதையும் உள்ள டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

அழகு வந்து பத்து வாரம் ஆகிறது. முருகேஸ்வரி தன் பாயிலேயே படுக்கவைத்துக்கொள்கிறாள். சாப்பிடுமுன் அழகு கண்ணை மூடினால் பால்பாண்டி கையைச் சோற்றில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறான். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். இரண்டு வாரம் பேசினார்கள். பிறகு மழை இல்லை என்று பேசப் போய்விட்டார்கள். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவரே கொண்டுபோய் விட்டு, பெற்றோர் பெயரில் தன் பெயரைச் சொன்னார்.

என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடுவதே அபூர்வம். நான் தலை வாரினால் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் ஒவ்வொரு வாரமும் அவளுக்கு எழுதுகிறீர்கள். கடிதம் வருகிற அன்று வாசிப்பாள், சிரிப்பாள், முருகேஸ்வரிக்கும் வாசித்துக் காட்டுவாள். மறுநாள் சோறு இறங்காது. கடைசி மூன்று கடிதத்துக்கு மூன்று தடவை இரண்டு கவுனைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். போன புதன்கிழமை ஏறியே விட்டாள். கண்டக்டர் எங்கள் பிள்ளை என்று தெரிந்து அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, எதிரே வந்த லாரியில் ஏற்றி அனுப்பினார். வந்தவள் என்னைப் பார்த்து, "எங்கம்மாட்ட என்ன விட்ருங்க" என்றாள். அம்மா என்றது உங்களை.

டீச்சரம்மா, நான் பிழைத்துக் கிடப்பது நீங்கள் கொடுத்த கஞ்சியில். என் பிள்ளை உயிரோடு இருப்பது உங்கள் கையால். நீங்கள் கேட்ட மன்னிப்புக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இந்த நிலைமையில் உங்களிடம் இன்னொன்று கேட்கிறேன். அவளுக்கு எழுதாதீர்கள். கொஞ்ச நாள் என்று எழுத நினைத்தேன். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. பார்க்கவும் வராதீர்கள். அவளுக்கு மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

நன்றி கெட்டவள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னுத்தாய்


பெத்தானியா இல்லம்
13.8.1972

அன்பான பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ கேட்டது சரி. நானே உணர்ந்து நிறுத்தியிருக்க வேண்டும். எனக்காகத்தான் எழுதினேன் போலிருக்கிறது.

சிலது உனக்குத் தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அவளுக்கு நெஞ்சு கட்டும். வெந்நீரில் முகம் காட்டச் சொல்லி ஆவி பிடிக்க வை. வெறும் தைலம் கேட்காது. கணக்கு வராது, அதற்கு அடிக்காதே, வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் வந்துவிடும். கோபம் வந்தால் பேச மாட்டாள், ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அப்போது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய். ஒன்றும் கேட்காதே. வெங்காயம் உரிப்பதென்றால் பாதி வெங்காயம் தீருவதற்குள் தானாகப் பேச ஆரம்பிப்பாள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. உனக்கு அவ்வளவு ஆகாது.

லாரி ஹாரனுக்குப் பயப்படுவாள் என்று இருந்தேன். நீ எழுதவில்லை. பயம் போயிருந்தால் நல்லது.

இங்கே எல்லாரும் சுகம். போன வாரம் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், இரட்டைப் பிள்ளை. கமிட்டியில் கேட்டார்கள். இடம் இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்ளப் போகிறேன், யாரையும் வெளியே அனுப்பவும் மாட்டேன் என்றேன். பாஸ்டர் ஐயா அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு தொட்டிலும் என் அறையில் தொங்குகின்றன.

இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டாதே. முருகேஸ்வரி கையிலும் அகப்படாமல் அடுப்பில் போட்டுவிடு. டீச்சர் ஏன் எழுதுவதில்லை என்று அழகு கேட்டால், கண் மங்கிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லையாம் என்று சொல். பாதி உண்மைதான்.

இப்படிக்கு,
அன்னபாக்கியம்